ஸ்டிக்கர் இல்லாத அண்டா

போன வாரம் சொர்ணாம்பாளை ஒரு சவாலோடு விட்டுவிட்டு வந்தோம். "சவாலா? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று அந்த அம்மாள் இப்போது மழுப்பலாம். ஆனால் சமையல்கட்டில் இருந்த அத்தனை பேரும் காதால் கேட்டார்கள். நாமும்தான் கேட்டோம்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கோவில்பத்தில் இருக்கும் தனியார் நர்சிங் கல்லூரி விடுதியின் சமையலை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துவது சொர்ணாம்பாள் குடும்பம். நூற்றைம்பது பெண்கள், மூன்று வேளைச் சாப்பாடு. அடுப்பு சொர்ணாம்பாள் பொறுப்பு. சந்தையும் வண்டியும் மகன் செந்தில்குமாருடையது. மருமகள் விஷ்ணுப்ரியா கேட்டரிங் படித்தவள். உடம்பு சரியில்லாமல் இரண்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, இந்த மாதம்தான் ஸ்டோர் சாவியையும் கோல்டு ரூம் சாவியையும் வாங்கியிருக்கிறாள். வாங்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"உள்ள எது போனாலும் ஸ்டிக்கர் ஒட்டணும் அத்தை. என்ன பண்டம், எப்ப சமைச்சது, எது வரைக்கும் போடலாம், மூணும் அதுல இருக்கணும். ஸ்டிக்கர் இல்லாதது குப்பைக்குத்தான். யார் வச்சதுன்னு நான் கேக்கமாட்டேன்."

"நானே வச்சிருந்தாலும் கொட்டிடு போ," என்றாள் சொர்ணாம்பாள், ஊர் கேட்கிற குரலில். "ஒரு மாசம் உன் ராஜ்ஜியம். ஆனா எங்கயாவது ஒரு எடத்துல நீயே வளைஞ்சு குடுத்தேன்னு வையி, சாவி திரும்ப என் இடுப்புக்கு வந்துரும். சம்மதமா?"

விஷ்ணுப்ரியா சம்மதித்தாள். அப்படி ஒரு நாள் வரும் என்று இருவருமே நினைக்கவில்லை. ஆனால் மாமியார் மருமகள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் சோதிக்க ஒரு நாள் வராமல் போகுமா என்ன? இன்றைக்கு வந்துவிட்டது.

நேற்று காரைக்காலில் மாங்கனித் திருவிழா, சிவனடியாருக்கு அம்மையார் தயிர்சாதமும் மாம்பழமும் போட்ட கதையின் கொண்டாட்டம். பிச்சாண்டவர் வீதியுலா வர, மொட்டைமாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்தன. செந்தில்குமார் மூன்றைப் பிடித்தான். நான்காவது பழம் அவன் நெற்றியைப் பிடித்தது. அந்த வீக்கத்தோடுதான் ராத்திரி தூங்கினான்.

விடியற்காலையில் விஷ்ணுப்ரியா கோல்டு ரூமைத் திறந்தாள். அது ஒரு காலத்தில் இறால் கம்பெனியில் இருந்தது. கம்பெனி மூடியதும் கல்லூரிக்காரர்கள் வாங்கிப் போட்டார்கள். எத்தனை கழுவினாலும் கதவு ரப்பரில் மெல்லிய இறால் வாசம் இன்னும் இருக்கிறது. மற்றபடி உள்ளே எல்லாம் அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. பச்சைக் காய்கறி கீழ்த்தட்டில், பால் தனியாக, சமைத்தது மேலே, எல்லாவற்றின் நெற்றியிலும் கிழமைக்கு ஒரு நிறமாக ஸ்டிக்கர்.

நடுவில் ஒரு அண்டா மட்டும் புதிதாக நின்றது.

சாக்கைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்கள். மேலே வாழையிலை, இலைமேல் ஒரு முழம் மல்லிகை, அண்டாவின் கழுத்தில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஸ்டிக்கர் மட்டும் இல்லை.

"உத்திராபதி அண்ணே!"

சட்னிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த உத்திராபதி அரிவாளோடு வந்தார். சொர்ணாம்பாளுக்கு அடுத்தபடி அந்த அடுப்படியில் மூத்த கை அவர்தான். வேலையில் சோம்பேறித்தனம் இல்லாத மனிதர். ஸ்டிக்கர் வந்த முதல் வாரத்தில் தன் சொந்தச் சாப்பாட்டு டப்பாவுக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தவர்.

"இது என்னண்ணே?"

"படையல் தயிர்சாதம்மா. அக்கா நேத்து வீட்டுல போட்டது. ராத்திரி நானும் தம்பியும்தான் வண்டில கொண்டாந்து வச்சோம். மத்தியானம் புள்ளைங்களுக்கு, ஆளுக்கு ஒரு மாம்பழத்தோட."

"அது சரி. ஸ்டிக்கர் எங்க?"

உத்திராபதி அவளை விநோதமாகப் பார்த்தார். "சாமிக்குப் படைச்சதுல போயி ஸ்டிக்கரா? கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்மா."

"எப்ப வடிச்ச சோறு?"

"நேத்து மத்தியானமே வடிச்சாச்சு. படையல் போட்டப்ப நல்லா இருட்டிருச்சு."

"அதுவரைக்கும் எங்க இருந்துச்சு?"

"வீட்டுலதான், வேற எங்க இருக்கும்?"

"சாக்கு எதுக்கு?"

"பால் ஊத்திப் பிசைஞ்சதும்மா. குளிர்ல உறையாதுல்ல, அதான் அக்கா போத்தி வைக்கச் சொன்னாங்க."

டெல்டாப் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் கைப்பக்குவம் தண்ணீர் பட்ட பாடு. மறுநாள் சாப்பிடப்போகிற தயிர்சாதத்துக்குத் தயிரை ஊற்ற மாட்டார்கள். பாலை ஊற்றிக் குழையப் பிசைந்து, ஒரு கரண்டி தயிரை மட்டும் உறைக்கு விடுவார்கள். கதகதப்பில் மெல்ல மெல்ல உறைந்து, பொட்டலம் பிரிக்கும் நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். அஞ்சு பேர் கோயிலுக்குப் போகிற பயணத்துக்கு அதை மிஞ்ச ஒன்று கிடையாது. ஆனால் அஞ்சு பேர் பொட்டலம் வேறு, நூற்றைம்பது பேர் அண்டா வேறு.

விஷ்ணுப்ரியா சாக்கை அவிழ்த்தாள். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றித் தனியாக வைத்தாள். இலையை நீக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சமையல் தெர்மாமீட்டரின் ஊசியைச் சாதத்தில் இறக்கினாள். ஓரத்தில் ஜில்லென்று காட்டியது. நடுவில் அடிவரைக்கும் இறக்கினாள். எண் மேலே ஏறிக்கொண்டே போய் முப்பதுக்குப் பக்கத்தில் நின்றது.

ராத்திரி முழுக்கக் குளிரில் இருந்த அண்டா. உள்ளே இன்னும் வெதுவெதுப்பு.

சோறு அடுப்பை விட்டு இறங்கியது நேற்று மத்தியானம். அது முதல் இந்த நிமிஷம் வரை அந்த அண்டாவின் நடுப்பகுதி சரியாக ஆறவே இல்லை. கிருமிக்கு இதைவிடச் சௌகரியமான வீடு கிடையாது. அதுவும் சோற்றில் வருகிற கிருமி பொல்லாதது. விஷத்தைக் கக்கிவிட்டதென்றால் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது, முகர்ந்து பார்த்தாலும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து மாம்பழக் கூடையோடு செந்தில்குமார் உள்ளே வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான், அண்டாவைப் பார்த்தான், விஷயத்தைப் புரிந்துகொண்டான். கூடையை இறக்கிவைத்தான்.

"பிரியா, ஒரு ஸ்டிக்கர் எடு. காலையில சமைச்சதுன்னு எழுதி ஒட்டிடுவோம். முடிஞ்சு போச்சு."

"என்னங்க பேசுறீங்க? ஸ்டிக்கர் ஒட்டினா சோறு ஆறிடுமா?"

"வெளில யாரு வந்து பாக்கப்போறா? நல்லாத்தானே இருக்கு. நேத்து எலையில படைச்சத நாமதானே சாப்பிட்டோம். ஏதாவது ஆச்சா?"

"அது நேத்து. இது இன்னிக்கு. ஒரு தடவ பொய்யா எழுதினோம்னா, நாளைக்கு உள்ள இருக்கற எந்த ஸ்டிக்கரை நம்பி நான் சோறு போடுவேன்?"

செந்தில்குமார் உத்திராபதியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். கோல்டு ரூமுக்குள் நின்று குடும்பம் நடத்துகிற தம்பதி ஊரில் இவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

"உனக்கு ஒண்ணு தெரியாது," என்றான் தணிந்த குரலில். "எனக்கே நேத்து ராத்திரிதான் தெரியும். இது வெறும் மாங்கனிப் படையல் இல்ல, வேண்டுதல். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ ஆஸ்பத்திரில கெடந்தியே, அப்ப அம்மா ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்து வேண்டிக்கிச்சாம். புள்ள போனா போவுது, இந்தப் பொண்ணு பொழச்சு வந்தாப் போதும், நூறு பொம்பளப் புள்ளைங்களுக்கு மாங்கனி அன்னம் போடுறேன்னு. போன வருஷம் நம்மகிட்ட இந்த மெஸ் இல்ல. இந்த வருஷந்தான் வாய்ச்சுது."

கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, ரத்தம் ரத்தமாக ஏற்றிய அந்த மூன்று நாட்களைப் பற்றி மாமியார் இதுவரை விஷ்ணுப்ரியாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளை போனதில் அத்தைக்குத் தன்மேல் கசப்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து கேட்டது பேரப்பிள்ளையை இல்லையா? என்னையா? அந்தக் குளிரிலும் அவளுக்குக் கண்ணீர் சுடச்சுட வந்தது. காய்கறிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அழுதாள்.

"அதான் சொல்றேன்," என்றான் செந்தில்குமார். "இன்னிக்கு ஒரு நாள்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அத்தை வந்ததும் இங்க வரச்சொல்லுங்க. அதுவரைக்கும் யாரும் இதத் தொடக்கூடாது."

சொர்ணாம்பாள் வந்தாள். நேற்றுக் கட்டிய பட்டின் களை இன்னும் முகத்தில் இருந்தது. ஐம்பத்தேழு வயதிலும் நடையில் ஒரு வேகம். அண்டாவின் இலை நீக்கியிருப்பதைக் கண்டதும் அந்த வேகம் நின்றது.

"யாரு தொறந்தது?"

"நாந்தான் அத்தை."

"குளிச்சிட்டியா?"

"குளிச்சிட்டுதான் வந்தேன். அத்தை, இத மத்தியானம் போட முடியாது."

அப்படி நேராகச் சொன்னதில் உத்திராபதிக்கே தூக்கிவாரிப் போட்டது. தோசைக்கல் பக்கம் நின்றிருந்த இரண்டு பெண்களும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

"ஸ்டிக்கர் ஒட்டல, அதானே?" சொர்ணாம்பாள் சிரிக்கப் பார்த்தாள். "சாமி சோத்துக்குமா உன் சட்டம்? படையல் எங்கயாவது கெட்டுப்போகுமாடி? அமுதுன்னு பேரு அதுக்கு."

"படையல் வேற, அண்டா வேற அத்தை. நீங்க எலையில படைச்சீங்களே, அது அமுதுதான். நானும்தான் சாப்பிட்டேன். அண்டாவுல இருக்கறது நாம வடிச்ச சோறு."

சொர்ணாம்பாள் ஒரு கரண்டியை எடுத்து, ஓரத்தில் இருந்த சாதத்தைத் துளி கிள்ளி முகர்ந்தாள். "பூ மாதிரி இருக்கு. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். முப்பது வருஷமா சமைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"அந்தப் பழமொழி வேகுறதுக்கு அத்தை. ஆறுறதுக்கு இல்ல." விஷ்ணுப்ரியா ஊசியை நீட்டினாள். "நீங்களே விட்டுப் பாருங்க. ஓரத்துல ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ."

"சாமி சோத்துல ஊசி குத்தறதா?"

"சரி, கைய விட்டுப் பாருங்க."

அதற்குச் சொர்ணாம்பாள் மறுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, முழங்கை வரைக்கும் சாதத்தில் இறக்கினாள். ஓரம் ஜில்லென்றிருந்தது. நடுவுக்குப் போனதும் அவள் புருவம் நெளிந்தது. சமைக்கிறவளின் கை அல்லவா? எந்த வெதுவெதுப்பு பால் உறைவதற்கு, எந்த வெதுவெதுப்பு சோறு ஊசிப்போவதற்கு என்று அந்தக் கைக்குத் தெரியும். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"கொஞ்சம் சூடுதான் இருக்கு," என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அது உறைஞ்ச சூடு."

"நேத்து மத்தியானத்துலேருந்து அதே சூடு அத்தை."

"பிரியா, உனக்கு இது என்ன சோறுன்னு தெரியாது…"

"தெரியும். அவர் சொல்லிட்டாரு."

சொர்ணாம்பாள் மகனைப் பார்த்த பார்வையில் நேற்றைய மாம்பழமே தேவலை என்று செந்தில்குமாருக்குத் தோன்றியிருக்கும். அவன் நைசாக மாம்பழம் கழுவப் போய்விட்டான்.

விஷ்ணுப்ரியா மாமியாரின் கையைப் பிடித்து மெதுவாக அண்டாவிலிருந்து வெளியே எடுத்தாள். பருக்கை ஒட்டிய அந்தக் கையை விடாமலே பேசினாள்.

"நான் பொழைக்கணும்னு நீங்க வேண்டுன சோறு இது. இதச் சாப்பிட்டுட்டு ஒரு பொண்ணு போயி அதே மாதிரி ஆஸ்பத்திரில படுத்தா, அவ அம்மா வாசல்ல உக்காந்து என்ன வேண்டுவா அத்தை? எனக்காகப் போட்ட சோத்துல அது நடக்கக்கூடாது. நான் விடமாட்டேன்."

சொர்ணாம்பாளின் கண் கலங்கிற்று. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. புறங்கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள், புகை பட்டது போல. திரும்பி நின்றபோது பழைய சொர்ணாம்பாள்.

"உத்திராபதி, அண்டாவத் தூக்கு."

"எங்கக்கா? மாட்டுக்கா?"

"மாட்டுக்குப் போட்டு அது வயிறு ஊதிச் சாவணுமா? சாக்கடைலயும் ஊத்தக்கூடாது, காக்கா கொத்தவும் கூடாது. பின்னாடி கடைசித் தென்னை ஓரமா ஆழமாக் குழி வெட்டு. கால் படாத எடம். மண்ணு வாங்கிக்கட்டும்."

உத்திராபதி மண்வெட்டியைத் தேடிப் போனார். குழியில் சாதம் இறங்கும்போது சொர்ணாம்பாள் பக்கத்திலேயே நின்றாள். எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சமைத்தவள், தான் சமைத்ததைத் தானே கொட்டுவது இதுதான் முதல் தடவை. நல்லெண்ணத்தோடு செய்த தப்பும் தப்புதானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. கும்பிட்டுவிட்டு, மண்ணைத் தள்ளச் சொன்னாள்.

திரும்பி வரும்போது சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டாள். அந்தச் செருகலைப் பார்த்தால் உத்திராபதிக்குப் புரியும், இனி யாருக்கும் உட்கார நேரம் கிடையாது என்று.

"எல்லா அடுப்பையும் பத்த வையுங்க. பொன்னி அரிசியப் போடு, குழைய வடி. செந்திலு, பால்காரனுக்குப் போன் போடு. தயிரு கடையிலேருந்து வரட்டும், இன்னிக்கு உறைய வைக்கிற கதையெல்லாம் வேணாம். பிரியா, எத்தனை நாழில ஆறணும், எப்படி ஆறணும்? சொல்லு."

"அகலத் தட்டுல கொட்டிப் பரப்பணும் அத்தை. விரற்கடை உயரத்துக்கு மேல வேணாம். ஃபேனப் போட்டு ஆத்திட்டு, குளிர்ந்த தயிர விட்டுக் கலந்து, அப்படியே பந்திக்கு. கோல்டு ரூமுக்கே போகவேணாம்."

"அப்ப வடைத் தட்டு, தாம்பாளம் எல்லாத்தையும் கழுவி அடுக்குங்க."

பட்டாளம் இறங்கியது. மாம்பழத்தை நறுக்க இரண்டு பேர், கொத்தமல்லி ஆய ஒருத்தி. மருமகள் தட்டுக்குத் தட்டு ஊசி வைத்து எண் சொல்ல, மாமியார் தயிர் ஊற்றினாள். இரண்டு பேரும் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. பேசினால் அழுகை வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் பயம்.

முதல் தட்டு தயாரானதும் சொர்ணாம்பாள் அதை அடுப்படி மூலையில் இருந்த சாமி படத்துக்கு முன் வைத்தாள். கற்பூரம் ஏற்றுமுன் திரும்பி, "ஸ்டிக்கர்?" என்றாள்.

உத்திராபதி பதறினார். "சாமி முன்னாடியா அக்கா?"

"எப்ப வடிச்சதுன்னு சாமியும் தெரிஞ்சுக்கட்டும். ஒட்டு."

கற்பூரம் அணைந்ததும் விஷ்ணுப்ரியா முதல் ஆளாக ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். படைக்கும்வரை வாயில் வைக்கக்கூடாது என்பது மாமியார் சட்டம். ருசி பார்க்காமல் பந்திக்குப் போகக்கூடாது என்பது மருமகள் சட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கற்பூரம் எரிகிற நேரம் போதுமானதாக இருந்தது.

மத்தியானப் பந்தி அமர்க்களம். வார்டன் ஜெயப்ரியா விடுதி வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாளே செய்தி போட்டிருந்ததால், டயட்டில் இருக்கிற பெண்கள்கூட வரிசையில் நின்றார்கள். மாம்பழச் சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. ஜெயப்ரியாவே தட்டோடு அடுப்படிக்கு வந்து, "சொர்ணாம்மா, இன்னொரு கை வைங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். சொர்ணாம்பாள் வைத்தாள். காலையில் கொட்டிய அண்டாவின் பாரம் நெஞ்சிலிருந்து ஒவ்வொரு கரண்டியாக இறங்கிக்கொண்டிருந்தது.

பந்தி முடிந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சொர்ணாம்பாள் அந்தச் சவாலைப் பற்றி ஏதாவது கேட்பாளோ என்று பார்த்துக்கொண்டிருந்த உத்திராபதிக்கு ஏமாற்றம். அவள் கேட்டது வேறு.

"அந்த ஊசி எங்க விக்கிறாங்க? வீட்டுக்கு ஒண்ணு வாங்கணும்."

விஷ்ணுப்ரியா சிரித்தாள். இரண்டு வருஷத்தில் மாமியாரைப் பார்த்து அவள் மனசு விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான். "நான் வாங்கித் தர்றேன் அத்தை." சாதத்தைப் பிசைந்துகொண்டே, வேறு எதுவும் நினைக்காமல், "நேத்து வடிச்ச அரிசிக்கு அந்த அண்டா நெறைஞ்சிருக்கணுமே. கொஞ்சம் கொறைஞ்சு இருந்துச்சே?" என்று கேட்டாள்.

"ஒரு சட்டி தனியா எடுத்து வச்சேன். மாமா கொண்டு போனாரு, லாரி டிரைவருங்களுக்கு."

சொர்ணாம்பாளின் கணவர் சிவராமனுக்குக் கீழவாஞ்சூரில் வேலை. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வருகிற லாரிகளை நிறுக்கும் தனியார் எடைமேடையில் கணக்கர்.

விஷ்ணுப்ரியாவின் கை தட்டிலேயே நின்றது. "அந்தச் சட்டி ராத்திரி எங்க இருந்துச்சு அத்தை?"

"சாமி முன்னாடிதான், வெளக்குப் பக்கத்துல. படைச்சதுல ஒரு பங்கு விடியிற வரைக்கும் அங்கயே இருக்கணும்ல…"

சொல்லிக்கொண்டே வந்தவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. அண்டாவாவது குளிரில் இருந்தது. சட்டி ராத்திரி முழுக்க விளக்கடியில் இருந்திருக்கிறது.

இடது கையால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் லாரி ஹாரன்களுக்கு நடுவே சிவராமனின் உற்சாகக் குரல் கேட்டது.

"சொர்ணம்! உன் தயிர்சாதத்துக்கு இங்க ஒரே அடிதடி. பதினோரு மணிக்கே சட்டிய வழிச்சுட்டானுங்க. எனக்குன்னு ஒரு கை எடுத்து வச்சிருக்கேன், இப்பதான் உக்காரப் போறேன்."

"கைய எடுங்க!"

"என்ன?"

"வாயில வைக்காதீங்கன்னு சொல்றேன். அப்படியே மூடி வையுங்க, கொட்டவும் வேணாம், டாக்டர் கேட்டாக் காட்டணும். சாப்பிட்டவங்க எத்தனை பேரு?"

"ஆறு பேரு. எதுக்குக் கேக்குற? சாமி சோறுதானே சொர்ணம்…"

"சாமி சோறுதாங்க. நாமதான் அதக் கெடுத்துட்டோம்." அதைச் சொல்ல அவள் தயங்கவில்லை. "அந்த ஆறு பேரையும் அங்கயே உக்கார வையுங்க. யாரும் வண்டி எடுக்கக்கூடாது. நடுரோட்டுல லோடோட போறப்ப ஒருத்தனுக்குத் தலை சுத்திச்சுன்னா அவனோட போகாது."

மறுமுனையில் அவர் ஆள் எண்ணுவது கேட்டது.

"அஞ்சு பேரு இங்க இருக்காங்க," என்றார் சிவராமன். உற்சாகம் போய்விட்டிருந்தது. "அகரன் மட்டும் கெளம்பிட்டான். அரியலூர் லோடு. அவன்தான் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

"அவருக்குப் போன் போட்டு வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க மாமா," என்றாள் விஷ்ணுப்ரியா. அவள் ஏற்கெனவே எழுந்து கை கழுவிவிட்டிருந்தாள். "மத்தவங்களுக்கு வாந்தி, வயித்து வலி ஏதாவது வந்துச்சுன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்களுக்காகக் காத்திருக்க வேணாம்."

செந்தில்குமார் வண்டிச் சாவியை எடுத்தான். "நான் போறேன்மா."

"நீ போயி என்ன சொல்லுவ? ஸ்டிக்கர் ஒட்டிட்டாச் சரியாயிடும்னா?" சொர்ணாம்பாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். "வார்டன் அம்மாகிட்ட விஷயத்தச் சொல்லிட்டு, சாயங்கால டிபன நீ பாரு. பிரியா, ஸ்கூட்டிய எடு. நான் மட்டும் போனா, பிரசாதத்தக் குத்தம் சொல்றா கிழவின்னு சிரிப்பானுங்க. நீ சொன்னாக் கேப்பானுங்க. என்னையே கேக்க வச்சவதானே நீ."

ஸ்கூட்டி கல்லூரி கேட்டைத் தாண்டும்போது சிவராமன் மறுபடி கூப்பிட்டார். அகரன் போனை எடுக்கவில்லையாம். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லையாம்.

சொர்ணாம்பாள் மருமகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு கை வைங்கன்னு கேட்டிருக்கான் பிரியா," என்றாள். "இத்தன வருஷமா இந்த ஒரு வார்த்தையக் கேக்கத்தான் நான் கரண்டி புடிச்சேன். இன்னிக்குத்தான் அதக் கேட்டு எனக்குக் கையும் காலும் நடுங்குது. வெரசாப் போம்மா."